குப்புறப் படுத்தால் மூச்சு எப்படி வரும்?

மூச்சு வாங்கும்போது யாரும் விரும்பிப் படுப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவர் எழுந்து உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சிழுப்பார். இதய நோயாளி இரவில் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்துகொள்வார். நெஞ்சில் சளி கட்டிய குழந்தையைத் தாய் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்வாள். நெஞ்சை நிமிர்த்தினால்தான் காற்று இறங்கும் என்பது நமக்கு உடம்பே சொல்லிக்கொடுத்த பாடம்.

அப்படியிருக்க, கொரோனா காலத்தில் நிலைமை முற்றியவர்களை ஏன் குப்புறப் போட்டார்கள்? வாயில் குழாய், கழுத்தில் ஊசி, கையில் சலைன் என்று கிடப்பவரை ஐந்தாறு பேர் சேர்ந்து புரட்டி, முகம் மெத்தையைப் பார்க்க வைப்பதைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்த உறவினர்கள் பதறிப்போனார்கள். நெஞ்சு அழுந்தாதா? இருக்கிற மூச்சும் நின்றுவிடாதா?

நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில், அழுந்தும் என்பதுதான். அந்த அழுத்தத்தால்தான் பாதிப் பலன் கிடைக்கிறது. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

திருப்பதியில் ஓர் இரவு

2021 மே 10, திங்கட்கிழமை இரவு. திருப்பதி ருயா அரசு மருத்துவமனையின் கொரோனா தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்ஸிஜன் குழாய்களில் அழுத்தம் விழுந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரவேண்டிய டேங்கர் தாமதமாகியிருந்தது. அப்போது திருப்பதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான். டேங்கர் வந்து சேர்ந்து, அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்ப ஆனது சில நிமிடங்கள்தான் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதற்குள் 11 பேர் இறந்துவிட்டதாக அன்றிரவு மாவட்ட ஆட்சியர் அறிவித்தார். உண்மை எண்ணிக்கை அதைவிட அதிகம் என்ற புகார் பின்னர் எழுந்தது.

டேங்கர் ஏன் தாமதமானது என்பது நிர்வாகம் பதில் சொல்லவேண்டிய கேள்வி. இந்த அத்தியாயத்துக்கு உரிய கேள்வி வேறு. ஆரோக்கியமான ஒருவர் மூச்சை ஒரு நிமிடம் அடக்கினால் ஒன்றும் ஆவதில்லை. அந்த நோயாளிகளால் ஏன் சில நிமிடங்களைத் தாங்க முடியவில்லை?

சேமிப்பு இல்லை என்பதுதான் காரணம். மூச்சை வெளியே விட்ட பிறகும் நல்ல நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று மிச்சம் இருக்கும். இரண்டு மூச்சுக்கு இடையில் ரத்தம் அதிலிருந்துதான் ஆக்ஸிஜன் எடுக்கிறது. கடுமையாகக் காயப்பட்ட நுரையீரலில் அந்த இருப்பு மிகவும் சுருங்கிவிடுகிறது. வரவு நின்ற உடனே ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரியத் தொடங்கும். அவ்வளவு காற்றும் எங்கே போனது?

பெரியவர் நெஞ்சில் குழந்தை நுரையீரல்

காற்றுக் குழாய்கள் கிளைவிட்டுக் கிளைவிட்டு முடியும் இடத்தில் நுண்ணறைகள் இருக்கின்றன. காற்றும் ரத்தமும் ஆக்ஸிஜனைக் கைமாற்றிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள் அவை. ஒருவர் உடம்பில் பல கோடி நுண்ணறைகள் உண்டு. நிமோனியா, கொரோனா, டெங்கு, மலேரியா, உடம்பெங்கும் பரவிய கிருமித்தொற்று, பூச்சிமருந்து விஷம் என்று எதுவானாலும் அழற்சி எல்லை மீறினால் நுண்ணறைச் சுவர்கள் கசிந்து உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். 1967-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர்கள் இப்படிப்பட்ட 12 நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்கள். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது அதற்குப் பிறகுதான். தமிழில் கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறி என்கிறோம், ஐ.சி.யூ.வில் 'ஏ.ஆர்.டி.எஸ்.' என்பார்கள்.

அப்போது எக்ஸ்ரே மட்டும்தான். படத்தில் நுரையீரல் முழுக்க வெள்ளையாகத் தெரியும். மொத்த நுரையீரலும் ஒரே சீராகக் கெட்டு இறுகிவிட்டது என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். 1980-களில் இத்தாலியின் மிலான் நகரில் லூசியானோ கட்டினோனி என்ற மயக்கவியல் நிபுணரும் அவருடைய குழுவினரும் இத்தகைய நோயாளிகளை சி.டி. ஸ்கேனுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். மல்லாந்து கிடப்பவரின் முதுகுப் பக்கம் முழுக்க வெள்ளை. அங்கே காற்றே இல்லை. மார்புப் பக்கம் கொஞ்சம் கறுப்பு. அங்கே மட்டும் காற்று. அந்தக் கறுப்புப் பகுதியை அளந்தால் ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுதான் வந்தது.

இதைக் 'குழந்தை நுரையீரல்' என்றார் கட்டினோனி. நோயாளியின் நுரையீரல் இறுகிப்போகவில்லை, சிறுத்துப்போயிருக்கிறது என்பது அவர் கண்டது. பெரியவருக்கான காற்றை வென்டிலேட்டர் இயந்திரம் அந்தச் சின்ன இடத்துக்குள் தள்ளும்போது, நோய் தொடாமல் விட்ட பகுதியும் கிழிபடுகிறது.

புரட்டியதும் மாறிய படம்

நல்ல பகுதி மார்புப் பக்கம் இருக்கிறது. ரத்தம் ஈர்ப்பு விசையால் கீழே, முதுகுப் பக்கம் போகிறது. ஆளைக் குப்புறத் திருப்பினால் ரத்தம் நல்ல பகுதிக்கு வந்துவிடும், ஆக்ஸிஜன் ஏறும். ஆரம்பத்தில் எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். குப்புறத் திருப்பிப் பார்த்தபோது பெரும்பாலானவர்களுக்கு ஆக்ஸிஜன் ஏறவும் செய்தது. குப்புறக் கிடந்த நிலையிலேயே ஸ்கேன் எடுத்தபோதுதான் கணக்கு தவறு என்று தெரிந்தது. முதுகுப் பக்கத்து வெள்ளை கலைந்து, மார்புப் பக்கத்தில் புது வெள்ளை படிந்திருந்தது, அதுவும் சில நிமிடங்களுக்குள். குழந்தை நுரையீரல் என்று ஒரு நிலையான இடமே இல்லை!

ஈர ஸ்பாஞ்சை மேசையில் வைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் தன் எடையாலேயே நசுங்கியிருக்கும், மேல்பக்கம் உப்பியிருக்கும். திருப்பி வைத்தால் நசுங்கியது உப்பும், உப்பியது நசுங்கும். நீர் கோத்த நுரையீரலும் இப்படித்தான் தன் பாரத்தால் தன் அடிப்பகுதியை மூடிக்கொள்கிறது.

அப்படியானால் எந்தப் பக்கம் படுத்தாலும் ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும். நம் நெஞ்சுக்கூட்டின் அமைப்பு அப்படி விடுவதில்லை. நுரையீரலின் பெரும்பகுதி முதுகை ஒட்டி இருக்கிறது. மார்புப் பக்கம் அது ஒடுங்கிவிடுகிறது. மல்லாந்து படுத்தால் பெரிய பகுதி அடியில் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு, இதயமும் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். மயக்க மருந்தால் தளர்ந்துபோன உதரவிதானத்தை வயிற்று உறுப்புகளும் பின்பக்கமாக மேலே தள்ளும். குப்புறப் படுத்தால் இதயம் மார்பெலும்பின்மேல் சாய்ந்துகொள்கிறது. அடியில் நசுங்குவது சிறிய பகுதி; மேலே திறந்துகொள்வது பெரிய பகுதி.

இங்கேதான் நெஞ்சு அழுந்துமே என்ற கவலைக்குப் பதில் இருக்கிறது. மார்புப் பக்கத்து விலாச் சுவர் நெகிழ்வானது. மல்லாந்து கிடக்கையில் இயந்திரம் தள்ளும் காற்று சுலபமான வழி தேடி அங்கேயே போய், ஏற்கெனவே உப்பியிருப்பதை மேலும் உப்பவைக்கும். குப்புறப் படுத்தால் மெத்தை அந்தச் சுவரை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். காற்று வேறு வழியில்லாமல் முதுகுப் பக்கமும் உதரவிதானப் பக்கமும் திரும்பும்.

ரத்தம்? அது இடம் மாறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நுரையீரலின் ரத்தக் குழாய்கள் கிளைவிட்டிருக்கும் விதத்தால், எப்படிப் படுத்தாலும் பெரும்பங்கு ரத்தம் முதுகுப் பக்கமே போகிறது. மல்லாந்து கிடக்கையில் அங்கே காற்று இல்லை; போன ரத்தம் போனபடியே ஆக்ஸிஜன் இல்லாமல் திரும்பியது. குப்புறப் படுத்ததும் ரத்தம் இருக்கும் இடத்துக்குக் காற்று வந்து சேர்கிறது. ரத்தம் காற்றைத் தேடிப் போகும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது அதற்கு நேர் எதிர்.

ஒருவரை வைத்துக் கணக்கு

இப்போது ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் கணக்குக்காக, ஆனால் ஐ.சி.யூ.க்களில் அன்றாடம் பார்க்கிற எண்களை ஒட்டியவை. சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்பில் வேலை செய்யும் 45 வயதுக்காரர், உயரம் 165 செ.மீ. புதர் வெட்டப் போனவருக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். மருந்துக்கடை மாத்திரையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். எட்டாம் நாள் மூச்சு முட்டுகிறது. இடுப்புத் துணி மடிப்பில் வலியில்லாத ஒரு கறுத்த பொருக்கு. உண்ணிக் காய்ச்சல், மருத்துவர்கள் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸ். வேலூர், சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் நுரையீரலைத் தாக்கும் காரணங்களில் இது முக்கியமானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று, கிட்டத்தட்ட 800 கடுமையான நோயாளிகளிடம் நடத்திய இந்திய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிக்கல்கள் குறைகின்றன என்று அது காட்டியது.

மருந்து கிருமியைப் பார்த்துக்கொள்ளும். நுரையீரல் தேறும்வரை ஆளைக் காப்பாற்ற வேண்டும். வென்டிலேட்டர் போட்டாகிவிட்டது. இயந்திரம் தரும் காற்றில் 80 சதவீதம் ஆக்ஸிஜன். தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 72. இந்த 72-ஐ 0.8-ஆல் வகுத்தால் 90. நீங்களும் நானும் 21 சதவீதம் ஆக்ஸிஜன் உள்ள சாதாரணக் காற்றில் 95 அழுத்தத்தோடு இருக்கிறோம், வகுத்தால் 450. இந்த எண் 300-க்குக் கீழே வந்தால் நோய் தொடங்கிவிட்டது, 100-க்குள் விழுந்தால் கடுமை என்று மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். நம் நோயாளி கடுமையான வகுப்பில் இருக்கிறார்.

ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று? உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்பது வழக்கம். 165 செ.மீ. ஆணுக்கு அந்த எடை சுமார் 61 கிலோ, காற்று சுமார் 370 மி.லி. பார்த்தால் மிதமான அளவுதான். ஆனால் நுரையீரலில் மூன்றில் ஒரு பங்குதான் திறந்திருக்கிறது என்றால்? அந்தப் பங்குக்கு இது, முழு நுரையீரலில் 1,100 மி.லி. ஏற்றுவதற்குச் சமம். நாம் சாதாரணமாக மூச்சு விடும்போது அரை லிட்டர்கூட முழுதாகப் போவதில்லை. அந்த மூன்றில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு இருபது இருபத்தைந்து தடவை, இரவு பகலாக இந்த இழுப்பைத் தாங்க வேண்டும்.

குப்புறத் திருப்புகிறோம். முதுகுப் பக்கம் திறந்து, மூன்றில் ஒரு பங்கு பாதியாகிறது என்று வைப்போம். அதே 370 மி.லி. இப்போது முழு நுரையீரலில் 740-க்குச் சமம். நாலு மணி நேரம் கழித்து ஆக்ஸிஜனை 60 சதவீதத்துக்குக் குறைத்தும் அழுத்தம் 90 நிற்கிறது. வகுத்தால் 150.

ஆக்ஸிஜன் எண் 90-லிருந்து 150-க்கு ஏறியதைப் பார்த்து வார்டே மகிழும். எனக்கு முக்கியமாகப் படுவது 1,100 என்பது 740 ஆனது. மானிட்டரில் அந்த எண் தெரிவதே இல்லை.

பதினாறு மணி நேரம்

இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 1970-களிலிருந்தே நோயாளிகளைக் குப்புறப் போட்டு, ஆக்ஸிஜன் ஏறுகிறது என்று எழுதிவந்தார்கள். ஆனால் 2001-ல் கட்டினோனி குழுவினரே 304 பேரிடம் நடத்திய ஆய்வு ஏமாற்றம் தந்தது. ஆக்ஸிஜன் ஏறியது; பிழைத்தவர் எண்ணிக்கை கூடவில்லை. அந்த நோயாளிகள் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம்போலத்தான் குப்புறக் கிடந்தார்கள்.

2013-ல் பிரான்சின் குளோட் கெரான் தலைமையில் 'ப்ரோசேவா' ஆய்வு வந்தது. 466 கடுமையான நோயாளிகள். பாதிப்பேரைத் தொடர்ச்சியாகக் குறைந்தது 16 மணி நேரம் குப்புற வைத்தார்கள். மல்லாந்து இருந்தவர்களில் 28 நாளுக்குள் 32.8 சதவீதம் பேர் இறந்தார்கள். குப்புற இருந்தவர்களில் 16 சதவீதம். ஆறு பேரைப் புரட்டினால் ஓர் உயிர் மிஞ்சுகிறது என்று அர்த்தம். தீவிர சிகிச்சையில் இப்படிப்பட்ட பலனைக் காட்டிய சிகிச்சைகள் மிகச் சில.

அதே ஆய்வின் எண்களைப் பிறகு அலசியபோது இன்னொன்று தெரிந்தது. குப்புறப் போட்டதும் ஆக்ஸிஜன் நன்றாக ஏறியவர்கள்தான் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. ஏறியவர், ஏறாதவர் இரு தரப்புக்கும் பலன் இருந்தது. ஆகவே உயிரைக் காத்தது ஆக்ஸிஜன் மட்டும் என்று சொல்வதற்கில்லை. இயந்திரத்தின் இழுப்பு நுரையீரல் முழுக்கப் பரவி, எந்த இடமும் தனியே கிழிபடாமல் போனதுதான் முதன்மைக் காரணமாக இருக்க வேண்டும். 'திருப்பிப் போட்டோம், சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதம்) ஏறவில்லை, திரும்ப மல்லாக்கிவிட்டோம்' என்று இரண்டு மணி நேரத்தில் கைவிடுவது தவறு என்று இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பது சித்தூர் மண்ணுக்குப் புதிதல்ல. அன்று இந்த மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் 1915-ல் ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியம் திறந்தது. அதன் முதல் தலைவர் டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஃபிரிமட்-மோலர். காசநோய்க்கு மருந்தே இல்லாத அந்தக் காலத்தில், நெஞ்சுக்கூட்டுக்குள் ஊசியால் காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருக்கி ஓய்வில் வைத்தார்கள். இன்று சுருக்குவதில்லை, திறக்கிறோம். காயத்தின்மேல் காயம் படாமல் காலம் கடத்தினால் நுரையீரல் தானே ஆறும் என்ற நம்பிக்கை மட்டும் இரண்டுக்கும் பொது.

ஐந்து பேரின் கைகள்

மருத்துவக் குறிப்பேட்டில் 'புரோன்' என்று எழுதுவார்கள். திருப்பதி நர்ஸ்கள் 'போர்லா' என்பார்கள், சித்தூர்த் தமிழர்கள் குப்புற என்பார்கள். செய்வதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஐந்து பேர் வேண்டும்.

தலைமாட்டில் நிற்கும் மருத்துவரின் முக்கிய வேலை வாய்க் குழாயைப் பிடித்துக்கொள்வது. உதட்டருகே குழாயில் எந்த எண் இருக்கிறது, 22-ஆ 23-ஆ என்று முன்பே உரக்கச் சொல்லி எழுதிவைத்துக்கொள்வார்கள். மூக்குக் குழாய் வழியாகப் போகும் உணவை நிறுத்தி, வயிற்றில் இருப்பதை உறிஞ்சி எடுத்தாயிற்று. கண்ணில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்டியாயிற்று. மார்பில் இருந்த இ.சி.ஜி. ஒட்டுகளை எடுத்தாயிற்று, புரட்டியதும் முதுகில் ஒட்டுவார்கள். நோயாளியின்மேல் இன்னொரு விரிப்பைப் போர்த்தி, மேல் விரிப்பையும் கீழ் விரிப்பையும் இரு ஓரங்களிலும் சேர்த்து இறுக்கச் சுருட்டுகிறார்கள். இரு பக்கமும் இரண்டிரண்டு பேர். தலைமாட்டிலிருந்து எண்ணும் குரலுக்குத்தான் எல்லோரும் அசைய வேண்டும். ஒன்று: கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தல். இரண்டு: ஒருக்களித்து நிறுத்தல், இங்கே ஒரு கணம் நின்று குழாய், ஊசி எல்லாம் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மூன்று: குப்புற இறக்குதல்.

வேலை அதோடு முடிவதில்லை. மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை. முகம் ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக் கை மேலே, மறு கை கீழே. இரண்டு மணிக்கொருமுறை முகத்தையும் கையையும் பக்கம் மாற்ற வேண்டும். தவறினால் கன்னத்திலும் தாடையிலும் புண் வரும், தோள் நரம்பு நசுங்கும். பதினாறு மணி நேரமும் ஒரு நர்ஸ் இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் மல்லாக்கி, எண் நிற்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மறுநாள் மறுபடியும்.

இதனால்தான் இவ்வளவு மலிவான சிகிச்சை இவ்வளவு குறைவாக நடந்துவந்தது. 50 நாடுகளின் 459 ஐ.சி.யூ.க்களில் நடந்து 2016-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், கடுமையான நோயாளிகளிலும் சுமார் 16 சதவீதம் பேரைத்தான் குப்புறப் போட்டிருந்தார்கள். முதுகெலும்பு முறிந்தவர், ரத்த அழுத்தம் நிலையில்லாதவர் என்று புரட்டக் கூடாதவர்கள் உண்டு. ஆனால் நூற்றுக்கு எண்பது பேரும் அப்படியா இருப்பார்கள்?

விழித்திருப்பவர் குப்புறப் படுக்கலாமா?

2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் வீட்டிலிருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு வழி சொன்னது. சாச்சுரேஷன் 94-க்குக் கீழே போனால் கழுத்துக்கு ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடைவரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குக் குப்புறப் படுக்க வேண்டாம். அதே ஆண்டு ஆறு நாடுகளில் 1,100-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு, மருத்துவமனையில் அதிவேக ஆக்ஸிஜன் பெறும் கொரோனா நோயாளிகள் விழித்த நிலையிலேயே இப்படிப் படுத்தால் சிலருக்கு வென்டிலேட்டர் தேவைப்படாமல் போகிறது என்று காட்டியது. ஆனால் எண் குறைந்த ஒருவர் வீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டே இருந்துவிடக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்கலாம். நலமாக இருக்கும் பச்சிளங்குழந்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குழந்தையைத் தூங்கவைக்க மல்லாந்த நிலைதான் பாதுகாப்பு.

உங்கள் வீட்டார் ஒருவர் வென்டிலேட்டரில் குப்புறக் கிடப்பதைப் பார்க்க நேர்ந்தால் பதற வேண்டாம். முகம் வீங்கியிருக்கும், மல்லாத்தியதும் ஓரிரு நாளில் வடியும். மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு தடவைக்கு எத்தனை மணி நேரம் குப்புற வைக்கிறீர்கள்? அடுத்து எப்போது? நோய் கடுமை என்று சொல்லியும் ஆள் மல்லாந்தே கிடந்தால், ஏன் குப்புறப் போடவில்லை என்றும் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்ட மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோளும் ஒன்று உண்டு. புதிய வென்டிலேட்டர்கள் வாங்கும்போது, அவை ஒவ்வொன்றையும் இரவு ஷிப்டிலும் கவனிக்கும் அளவுக்கு நர்ஸ்களையும் நியமியுங்கள். புரட்டுவதற்கு அவர்களைப் பழக்குங்கள்.